பாலிஷ் போட்ட சாக்ஸபோன்

ஜூன் 3, செவ்வாய்

முற்பகலில் பொன்மலையிலிருந்து டோரீன் அம்மா போன் செய்தார். கடையில் ஒரு புருஷன் பெண்டாட்டிக்குக் குத்துவிளக்கு காட்டிக்கொண்டிருந்தேன்.

"தாயு, மெர்வின் போயிட்டான், மேன்."

"எங்க?" என்று கேட்டேன்.

டோரீன் அம்மாவின் வீட்டுக்காரர் மெர்வின் சார், எண்பது வயது மனிதர். சித்திரையிலிருந்து படுக்கை. நுரையீரலில் பாதி வேலை செய்யவில்லை. அவர் எங்கே போவார்? கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது.

விளக்கை விற்று முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். படியேறி வந்தவர்களைப் பாதியில் விட்டுப் போகிற பழக்கம் நம்மிடம் இல்லை. அந்த விளக்கை அசலுக்கும் கீழே கொடுத்துவிட்டேன் என்று சாயங்காலம் மச்சான் சிகாமணி சொன்னான். வெயில் மண்டையைப் பிளக்கிறது. வேறொன்றும் இல்லை.

ஜூன் 4, புதன்

அடக்கம் முடிந்தது.

பெட்டியை மூடுவதற்கு முன்னால் எல்லோரும் வரிசையாகப் போய் முகம் பார்த்தார்கள். நான் போகவில்லை. சவ வண்டிக்குக் குறுக்கே எவனோ காரை நிறுத்திவிட்டுப் போயிருந்தான். அதைக் கவனிக்க ஒரு ஆள் வேண்டாமா? கவனித்தேன். அப்புறம் பந்தல் கயிறு ஒரு பக்கம் தளர்ந்திருந்தது. அதையும் இழுத்துக் கட்டினேன்.

மங்கை வெளியே வந்து, "என்னங்க, உள்ள வாங்க. மூடப் போறாங்க" என்றாள்.

"கயிறு கட்டுறேன்ல."

"பந்தக்காரன் கட்டுவான். நீங்க வாங்க."

"அவன் கட்டுற லட்சணம் தெரியாதா எனக்கு?"

அவள் மறுபடி கூப்பிடவில்லை. பெண்டாட்டி மறுபடி கூப்பிடாவிட்டால் அது நல்லதற்கு இல்லை.

பேப்பரில் ஒரு மூலையில் போட்டிருந்தார்கள். 'பழம்பெரும் மேற்கத்திய இசைக் கலைஞர் காலமானார்.' ஜாஸ் என்று இரண்டெழுத்து கூடப் போட்டால் மை தீர்ந்துவிடுமா?

ஜூன் 6, வெள்ளி

பக்கத்துக் கடை ரத்தினவேலு இன்று கேட்டே விட்டார். "ஏம்ப்பா, அந்தச் சட்டைக்காரங்க வீட்டுச் சாவுக்கு நீ எதுக்கு ரெண்டு நாளா அலையுற? எதுவும் பாக்கி நிக்குதா?"

பெரிய கடை வீதியில் பித்தளைப் பாத்திரம் விற்கிறவன் ஒரு ஆங்கிலோ இந்தியர் வீட்டுக்கு இப்படி அலைந்தால் கேட்கத்தான் செய்வார்கள். அவரிடம் ஏதோ சொல்லி மழுப்பினேன். இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் சைக்கிளில் வியாபாரம் செய்த காலம். பழைய பித்தளைக்குப் புது எவர்சில்வர். பொன்மலை ரயில்வே குடியிருப்பில் ஒரு வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. யாரோ அடித்தொண்டையில் ஆளை ஏசுகிற மாதிரி தொடங்கி, சமாதானமாகி, மறுபடி சண்டைக்குப் போனது. சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றுவிட்டேன். ஜன்னலில் அந்த வாத்தியம் தெரிந்தது. மெர்வின் சார் அப்போது பம்பாய் ஓட்டல் ஒன்றில் டெனர் சாக்ஸபோன் வாசித்துக்கொண்டிருந்தார். லீவில் வந்திருந்தார்.

"என்ன வேணும்?" என்றார்.

வேறென்ன சொல்வது என்று தெரியவில்லை. "பழைய பித்தளை ஏதாச்சும் இருந்தா போடுங்க சார். அந்தக் குழாயும் பித்தளைதானே?"

இருமல் வரும்வரை சிரித்தார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து வாசித்துக் காட்டினார். பம்பாய், கல்கத்தா, கப்பல் என்று சுற்றிவிட்டு அவர் பொன்மலைக்கே திரும்பி வந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனேன்.

எனக்கு ராகம் தெரியாது, தாளம் தெரியாது. ஆனால் இது புரிந்தது. ஒரே பாட்டைத்தான் எடுப்பார். ஒவ்வொரு வாரமும் வேறு வழியில் போவார். வியாபாரமும் அப்படித்தான். அண்டா அதேதான். ஆனால் தஞ்சாவூர்க்காரரிடம் பேசுகிற பேச்சைக் கரூர்க்காரரிடம் பேச முடியாது. எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துத்தான் அடுத்த வார்த்தை. இதை ஒருமுறை அவரிடமே சொன்னேன். "நீ தப்பான தொழிலுக்குப் போயிட்ட, மேன்" என்றார். அதைவிடப் பெரிய பாராட்டை வணிகர் சங்கத்தில்கூட எனக்கு யாரும் சொன்னதில்லை.

ஜூன் 9, திங்கள்

டோரீன் அம்மாவைப் பார்க்கப் போனேன். பிள்ளைகள் இல்லை. சர்ச்சிலிருந்து ஒரு அம்மா வந்து சமைத்து வைத்துவிட்டுப் போகிறார். டோரீன் அம்மா டீ கொடுத்தார். கட்டிலுக்கு அடியிலிருந்து சாக்ஸபோன் பெட்டியை இழுத்து என் முன்னால் வைத்தார்.

"இதை உன் கடையில வை, தாயு. இங்க இருந்தா என்னையே பாத்துக்கிட்டு இருக்கு."

"நான் என்ன பண்ணணும்மா?"

"ஒண்ணும் பண்ண வேணாம். பத்திரமா வை. ஜூலை மூணாம் தேதி மாசப் பூசை. அன்னிக்குக் கொண்டு வா, போதும். பெங்களூர்லேர்ந்து கிளைவ் வர்றான். கல்லறையில வெச்சு 'லெவல் கிராசிங்' வாசிப்பான்."

கிளைவ் என்பவர் மெர்வின் சாரோடு கப்பலில் வாசித்தவர். 'லெவல் கிராசிங்' மெர்வின் சாரே கட்டிய பாட்டு. கல்யாணத்துக்கு முன்னால் டோரீன் அம்மா வீடு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். பார்க்கப் போகும்போதெல்லாம் கேட் மூடியிருக்குமாம். பாட்டு மேலே துள்ளிக்கொண்டு போகும். சரக்கு ரயில் குறுக்கே வருகிற மாதிரி, அடிமட்டத்தில் நாலே நாலு சுரம் வந்து அதை நிறுத்தும். மறுபடி துள்ளும். மறுபடி ரயில்.

"வாசிச்சு முடிச்சதும் இது கிளைவுக்கு" என்றார். "மெர்வின் எப்பவோ வாக்குக் கொடுத்துட்டான். அவன் எடுத்துட்டுப் போயிடுவான். எனக்கு அந்த ஒரு தடவைதான் மேன். அதுக்கப்புறம் அந்தச் சத்தம் எனக்குக் கிடையாது."

பெட்டியை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். டிரைவர் "பாம்பா சார்?" என்று கேட்டான்.

ஜூன் 12, வியாழன்

ஆனி முகூர்த்தத்துக்குச் சீர்வரிசை ஆர்டர்கள் வருகின்றன. சிகாமணி பார்த்துக்கொள்கிறான். எனக்குக் கல்லாவில் உட்கார முடியவில்லை. எழுந்தால் குடோன், குடோனில் நின்றால் வாசல். டீ அதிகமாகிவிட்டது. குறைக்க வேண்டும்.

ஜூன் 14, சனி

பெட்டியைத் திறந்து பார்த்தேன்.

வாத்தியம் இருந்த நிலையைப் பார்த்து எனக்கே அவமானமாகப் போய்விட்டது. வளைவுகளில் களிம்பு பச்சையாக ஏறியிருக்கிறது. கைபடும் இடங்களில் பூச்சு உரிந்து, கறுத்து, திட்டுத் திட்டாக இருக்கிறது. இதைத்தான் பெங்களூரிலிருந்து வருகிறவர் கையில் கொடுக்க வேண்டுமா? ஊர் கூடியிருக்கும் இடத்தில்?

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. வீட்டில் விசேஷம் என்றால் நல்லதோ கெட்டதோ, பித்தளைச் சாமானைக் கடைக்குக் கொண்டு வருவார்கள். புதிது போல ஆக்கித் திருப்பிக் கொடுப்போம். நம்மிடம் ஒப்படைத்த சாமானைக் கறையோடு திருப்பிக் கொடுத்தால் கடைக்குத்தான் இழுக்கு.

பாலிஷ் போடும் மொய்தீன் பட்டறைக்கு நானே கொண்டு போனேன். பக்ரீத் முடிந்து இப்போதுதான் ஆட்கள் திரும்பியிருக்கிறார்கள். விவரம் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். இன்றைக்குத்தான் கொஞ்சம் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

வந்துவிட்டது. கோயில் கலசம் தோற்றுப்போகும். முகம் பார்த்துத் தலை சீவலாம்.

ஜூன் 21, சனி

மாசப் பூசை வரைக்கும் பொறுக்க முடியவில்லை. டோரீன் அம்மா பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று இன்றே கொண்டு போனேன். மேஜையில் வைத்து, துணியை எடுத்து, தள்ளி நின்றேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். குனிந்தார். முகர்ந்து பார்த்தார்.

"என்ன வாசனை இது?"

"பாலிஷ்மா. ரெண்டு நாள்ல போயிடும்."

வாத்தியத்தின் பின்பக்கத்தைத் திருப்பினார். வலது கட்டைவிரல் ஊன்றும் இடத்தைத் தடவினார். அப்புறம் மேலே, இடது கை படும் இடம். மறுபடி கீழே. இருட்டில் சுவிட்சைத் தேடுகிற மாதிரி.

"இங்க இருந்தது எங்க தாயு?"

"எது?"

"அவன் கை."

எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்றுதான் எழுத வேண்டும்.

"பூச்சு போயி, குழியா, கறுப்பா இருக்கும். நான் தினம் அதுல கை வெச்சுப் பாப்பேன். எங்க அது?"

அவர் விசைகளை ஒவ்வொன்றாக அழுத்தினார். ஓட்டைகளை மூடுகிற தோல் பேடுகள் ஊறி உப்பியிருந்தன. ஒன்றும் சரியாகப் படியவில்லை. வாயில் வைத்து ஊதினார். எண்பதை நெருங்குகிற கிழவியின் மூச்சுதான், ஆனாலும் ஊதத் தெரிந்தவர். ஸ்ஸ் என்று காற்று எல்லா ஓட்டை வழியாகவும் போனது. பஞ்சரான டியூப் மாதிரி.

"கொண்டு போ" என்றார்.

"அம்மா, நான் சரி பண்ணி..."

"கொண்டு போ, மேன்."

ஜூன் 22, ஞாயிறு

வயிறு சரியில்லை. எங்கும் போகவில்லை.

ஜூன் 23, திங்கள்

மொய்தீன் பட்டறைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். "அறிவிருக்காய்யா? தோலு இருக்குறத ஆசிட் தொட்டியில முக்குவியா?"

மொய்தீன் சக்கரத்தை நிறுத்தினான். கண்ணாடியை நெற்றியில் ஏற்றினான். "முதலாளி, தோலு இருக்கே, நனையலாமான்னு நான் கேட்டேனா இல்லையா? பித்தளைதானேய்யா, போடுன்னு சொன்னது யாரு? கறை ஒரு பொட்டு இருந்தாலும் கூலி கிடையாதுன்னது யாரு? பக்கத்துலயே நின்னு, இங்க தேயி, அங்க தேயின்னு கட்டவிரல் வெக்கிற எடத்தைக் காட்டிக் காட்டித் தேய்க்க வெச்சது யாரு?"

பட்டறை ஆட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேச்சை வளர்க்கவில்லை. வந்துவிட்டேன்.

மங்கையிடம் சொன்னேன். அவள் முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டே சொன்னாள். "அவர் போனதுலேர்ந்து நீங்க ஒரு எடத்துல உக்காரல. கையை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியல. ஒரு தடவை அழுதிருந்தா அந்தக் குழாய் தப்பிச்சிருக்கும்."

"சுகர் ஏறியிருக்கு. அதான் இருப்புக் கொள்ளல."

"ஆமா, சுகர்தான்" என்றாள்.

ஜூன் 24, செவ்வாய்

காலை ரயிலில் சென்னை. புரசைவாக்கத்தில் எபனேசர் என்று ஒருவர் பேண்டு வாத்தியங்களை ரிப்பேர் செய்கிறார். விசாரித்து வைத்திருந்தேன். பெட்டியைத் திறந்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"இன்னா சார் இது? தேருக்குப் பூட்டப் போறியா?"

"பாலிஷ் போட்டோம்."

"அதான் தெரியுதே. பாடியே தேஞ்சிருக்கு. ஸ்பிரிங்கு வளஞ்சிருக்கு. பேடு எல்லாம் இட்லியா ஊதிருக்கு. ஒரு மாசம் வுட்டுட்டுப் போ."

"ஜூலை மூணாம் தேதி வாசிச்சாகணும்."

"அப்ப வேற ஆளப் பாரு."

எனக்குத் தெரிந்த பேச்சு எல்லாம் பேசினேன். கூட்டிக் கொடுக்கிறேன் என்றேன். எழுந்து போகிற மாதிரி வாசல் வரை போனேன். எபனேசர் கூப்பிடவே இல்லை. வியாபாரத்தில் இறங்கிய நாளிலிருந்து, எழுந்து போன பிறகு யாரும் என்னைக் கூப்பிடாமல் விட்டதில்லை. நானே திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"இது யாருது?" என்று கேட்டார்.

"மெர்வின் ஹார்ட்லி."

ஸ்பேனரைக் கீழே வைத்தார். "பொன்மலையா? எங்கப்பா சொல்வாரு, ஓட்டல்ல அந்தாளு வாசிச்சா பேரர் எல்லாம் தட்டோட நின்னுடுவானுங்கன்னு." வாத்தியத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "அவரு குழாயவா இப்டி பண்ண?"

திங்கட்கிழமை வரச் சொன்னார்.

ஜூன் 26, வியாழன்

டோரீன் அம்மா வீட்டுக்குப் போய் வாசலிலேயே நின்று சொன்னேன். எதற்கும் இருக்கட்டும், வேறொரு டெனர் சாக்ஸபோன் ஏற்பாடு செய்கிறேன், புதிதாகவே வாங்கித் தருகிறேன் என்றேன்.

"வேற வாத்தியம்னா நான் வீட்டுலயே இருந்துக்கிறேன். நீங்க எல்லாம் போயிட்டு வாங்க" என்றார்.

கதவைச் சாத்தவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை.

ஜூன் 27, வெள்ளி

எபனேசருக்குக் காலையில் போன் செய்தேன். மத்தியானம் செய்தேன். சாயங்காலம் செய்தபோது, "நீ போன் பண்ற நேரத்துல நான் ஒரு பேடு ஒட்டிருப்பேன்" என்று வைத்துவிட்டார்.

ஜூன் 30, திங்கள்

சென்னை. எபனேசர் ஊதிக் காட்டினார். சத்தம் வந்தது. நான் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஃபேன் ஓடுகிற அழகைப் பார்த்தேன்.

"குஷியாயிடாத" என்றார். "மேல எல்லாம் ஓகே. அடியில இருக்குற நாலு சுரம் வராது. அதுக்குப் பெரிய பேடு வோணும். இங்க எங்கியும் கெடைக்கல. வெளிநாட்லேர்ந்து வரணும்."

"அந்த நாலுதான் முக்கியம்."

"தெரியும் சார். அந்தப் பாட்ட எங்கப்பா டேப்ல வெச்சிருந்தாரு." கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு, "அடியும் சரியான பொறவு வாங்கிக்கறேன்" என்றார்.

ரயிலில் எதிர் சீட்டுக்காரர் பெட்டியை மேலே வைக்கச் சொன்னார். வைக்கவில்லை.

ஜூலை 2, புதன்

கிளைவ் வந்துவிட்டார். ஒல்லி, வெள்ளைத் தாடி, தொப்பி. ஓட்டல் அறையில் ஊதிப் பார்த்தார். கீழே இறங்கும்போது வெறும் காற்று. என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"டோரீன் சொன்னா. மெர்வின் மேல இருந்த லவ்லதான் இதைக் கெடுத்திருக்கான்னு."

"வேற பாட்டு வாசிக்கலாமா சார்? இல்ல, மொத்தத்தையும் மேல் சுரத்துல?"

"நான் அவகிட்ட கேட்டுட்டேன். முடியாதுங்கறா. ரயிலை மேல ஏத்தினா அது பிளேன் ஆயிடும்ங்கறா." சாக்ஸபோனைப் படுக்கையில் கிடத்தினார். "அந்த எடத்துல நிறுத்திட்டு சும்மா நிப்பேன். வேற வழியில்ல. அவ கேக்க வர்றதே அந்த ரயிலுக்குத்தான், மிஸ்டர்."

ஜூலை 3, வியாழன்

பூசை முடிந்து கல்லறைக்குப் போனோம். வெயில் ஏறிவிட்டது. பாதிரியார், சர்ச் ஆட்கள் கொஞ்சம் பேர், மங்கை, நான். டோரீன் அம்மா கறுப்புக் கவுனில் குடையோடு முன்னால் நின்றார். இன்றைக்கு என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வேலை ஏதாவது இருக்கிறதா என்று சுற்றிலும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

கிளைவ் தொப்பியைக் கழற்றிவிட்டு ஆரம்பித்தார். பாட்டு துள்ளிக்கொண்டு போனது. ரயில் வர வேண்டிய இடத்தில் வாத்தியத்தை உதட்டிலிருந்து எடுத்துவிட்டு நின்றார்.

ஒன்றுமில்லை. பக்கத்துக் கல்லறையில் யாரோ போட்டுவிட்டுப் போன மாலையின் பாலிதீன் உறை சரசரத்தது. டோரீன் அம்மாவின் கை குடைப்பிடியில் இறுகுவது தெரிந்தது.

மறுபடி துள்ளல். மறுபடி அந்த இடம். மறுபடி ஒன்றுமில்லை. டோரீன் அம்மாவின் தலை கொஞ்சம் குனிந்தது.

மூன்றாவது தடவை அந்த இடம் வந்தபோது ஒரு சத்தம் கேட்டது. கரகரவென்று, ஆள் கூப்பிடுகிற கடைத்தெருத் தொண்டை. "தும், தும், தூம், தும்ம்."

நான்தான். பாடினேன் என்று சொல்ல மாட்டேன். அந்த இடத்தை அப்படியே விட முடியவில்லை, அவ்வளவுதான்.

பாதிரியார் திரும்பிப் பார்த்தார். மங்கை என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அப்புறம் விட்டுவிட்டாள். கிளைவ் கண்ணைத் திறக்கவில்லை. என் நாலாவது சுரம் முடிகிற இடத்தில் சரியாகப் பிடித்துக்கொண்டு மேலே போனார். அடுத்த சுற்றில் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு எனக்காகக் காத்திருந்தார். கூட்டத்தின் நடுவில் நிற்கிறேன், இனிமேல் பின்வாங்க முடியாது. போட்டேன். அதற்கடுத்த சுற்றிலும் போட்டேன். அதில் மூன்றாவது சுரம் பாதியில் உடைந்தது. மூக்கு ஒழுகியது. தூசி என்று எழுத வந்தேன். வேண்டாம். அழுதேன். மெர்வின் சார் போய்விட்டார், அழுதேன்.

பாட்டு நின்றது. டோரீன் அம்மா குடையை ஊன்றிக்கொண்டு என்னிடம் வந்தார். கிட்டத்தில் நின்று முகத்தைப் பார்த்தார்.

"சுருதியே சேரல, தாயு."

"தெரியும்மா."

"மெர்வின் இருந்தா ஷூவைக் கழட்டி அடிச்சிருப்பான்."

"அடிக்கட்டும்மா."

அவர் உதடு கோணியது. சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. கிளைவ் பக்கம் திரும்பினார்.

"இன்னொரு தடவை" என்றார்.

"எங்கேர்ந்து, டோரீன்?"

"ரயில் வர்ற எடத்துலேர்ந்து."